தாமாருக்காகப் பாடியவர் யார்?

தியானப் பகுதி: 2 சாமுவேல் 13:1-22



நம்முடைய திருப்பருத்திக்குன்றத்திற்கு ஜின காஞ்சி என்றொரு பழம்பெயர் உண்டென்பதை அறிவீர்கள். இங்குள்ள திரிலோக்கியநாதர் சமணக் கோயிலில் ஒரு சங்கீத மண்டபம் இருக்கிறது. விசயநகரப் பேரரசின் அமைச்சரும் படைத்தலைவருமாயிருந்த இருகப்பர் 1387ஆம் ஆண்டளவில் அதைக் கட்டுவித்தார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வரலாறு ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. போர்க்களம் கண்ட ஒருவர் இசைக்கென்று கல்லால் ஒரு கூடம் எழுப்பினார் என்பது சிந்திக்கத்தக்கது. மனிதனுக்கு உணவும் உறைவிடமும் போல இசையும் வேண்டும் என்பதை எல்லாச் சமயத்தாரும் அறிந்திருக்கிறார்கள். நாமும் பாடுகிற சபையார்தாம். மகிழ்ச்சியிலும் பாடுகிறோம், அடக்க ஆராதனையிலும் பாடுகிறோம்.

ஆனால் பிரசங்க பீடத்திலிருந்து நாம் அதிகம் பேசாத ஒரு துயரம் உண்டு. ஒரு பெண்ணின் உடலுக்கோ ஒரு குழந்தையின் உடலுக்கோ இன்னொருவர் இழைக்கும் பாலியல் வன்கொடுமையே அது. அத்தகைய காயத்தைச் சுமக்கிறவர்கள் நம்முடைய ஆராதனையிலும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் ஆண்களும் உண்டு. சிறுவயதில் நடந்ததை ஐம்பது வயதிலும் ஒருவரிடமும் சொல்லாதவர்கள் உண்டு. அவர்களுக்கு நம்முடைய பாட்டு என்ன நன்மை செய்யக்கூடும்? எந்தப் பாட்டு அவர்களை மேலும் வருத்தும்? இந்த வாரம் இதைக் குறித்தே தியானிப்போம்.

பாடகனின் வீட்டில் பாட்டில்லாத ஒரு துயரம்

தாமார் தாவீதின் குமாரத்தி. நோயுற்றவனைப்போலப் படுத்திருந்த தன் சகோதரன் அம்னோனுக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி தகப்பனாலேயே அனுப்பப்பட்டாள். அவன் அவளைப் பலவந்தம் செய்தான். அவள் மறுத்தாள், காரணங்களை எடுத்துரைத்தாள், தனக்கு நேரிடப்போகும் அவமானத்தை அவனுக்கு உணர்த்த முயன்றாள். பின்பு அவளை வெளியே தள்ளியபோதும், அது முதற்கொடுமையிலும் பெரிய கொடுமை என்று எதிர்த்துப் பேசினாள். இரண்டு முறையும் அவன் அவள் சொல்லுக்குச் செவிகொடுக்கவில்லை என்று வேதம் தெளிவாகப் பதிவு செய்கிறது.

அவள் தலையின்மேல் சாம்பலைப் போட்டுக்கொண்டு, உடுத்தியிருந்த பலவருண வஸ்திரத்தைக் கிழித்து, சத்தமிட்டு அழுதுகொண்டு போனாள். நெசவு ஊரில் வாழும் நமக்கு ஒரு வஸ்திரம் உருவாவதற்கு எத்தனை நாட்கள் செல்லும் என்று தெரியும். அது கிழிந்த ஓசை நமக்குச் சற்று அதிகமாகவே கேட்கவேண்டும். அவள் வாய்மூடி இருக்கவில்லை. அவள் வாயை மூடியவன் வீட்டிலிருந்த மற்றொரு சகோதரன். அவன் உன் சகோதரன்தானே, பேசாதிரு, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று அப்சலோம் அறிவுரை சொன்னான். நம்முடைய வீடுகளில் இன்றும் சொல்லப்படும் அறிவுரை அதுவே. அதன் பின் தாமார் அந்த வீட்டில் தனித்துக் கிடந்தாள். அவள் பேசியதாக வேதம் வேறொரு சொல்லையும் பதிவு செய்யவில்லை.

தாவீது என்ன செய்தார்? மிகவும் கோபங்கொண்டார் என்று மட்டும் வாசிக்கிறோம். சவுலுக்கும் யோனத்தானுக்கும் புலம்பல் பாடியவர் அவர். அப்னேருக்காகவும் புலம்பினார். அப்சலோம் இறந்தபோது அவர் எழுப்பிய கூக்குரல் இன்றும் வாசிப்போர் நெஞ்சை உலுக்குகிறது. இஸ்ரவேலின் இனிய பாடகர் என்று பெயர்பெற்ற அந்தத் தகப்பன் தன் மகள் தாமாருக்காகப் பாடியதாக ஒரு வரியும் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டு நிறைந்த வீட்டிலேயே ஒருத்தியின் துயரம் பாட்டில்லாமல் போயிற்று. நம்முடைய சபையும் பாட்டு நிறைந்த வீடுதான். ஆகையால் இந்த அதிகாரம் நம்மைக் குறித்தும் பேசுகிறது.

சுரமண்டலமும் ஈட்டியும்

இசையினால் மனக்கலக்கம் தணியும் என்பதற்கு நாம் வழக்கமாகக் காட்டும் சான்று 1 சாமுவேல் 16ஆம் அதிகாரம். தாவீது சுரமண்டலத்தை வாசித்தபோது சவுல் ஆறுதல் அடைந்தான். ஆயினும் அடுத்த பக்கங்களையும் நாம் வாசிக்கவேண்டும். 18ஆம், 19ஆம் அதிகாரங்களில் அதே தாவீது, அதே சவுலின் முன்பாக வாசித்துக்கொண்டிருக்கையில், சவுலின் கையிலிருந்து ஈட்டி பாய்ந்து வந்தது. எனவே இசை மந்திரம் அன்று. அது மருத்துவருக்கும் மனநல ஆலோசகருக்கும் நீதிமன்றத்துக்கும் மாற்றாக நிற்காது. அவர்களோடு சேர்ந்து நடக்கக்கூடிய ஒரு துணை.

அந்தத் துணை எப்படி உதவுகிறது? கொடிய அச்சத்தில் அகப்படும் உடல் ஓட முயல்கிறது, அல்லது எதிர்க்க முயல்கிறது, இரண்டும் இயலாதபோது கல்லைப்போல் உறைந்துவிடுகிறது. ‘ஏன் கத்தவில்லை?’ என்று கேட்கிறவர்கள் இதை அறிந்துகொள்ளவேண்டும். ஆபத்து நீங்கிய பின்னும் உடல் அதை உடனே நம்புவதில்லை. ஒரு வாசனை, ஒரு காலடி ஓசை, கதவு தாழிடும் சத்தம் போதும்; மூச்சு திணறும், இருதயம் படபடக்கும். நடந்ததைச் சொல்ல முயலும்போது நா எழுவதில்லை. அத்தகையவர் மெல்ல ஒரு சுருதியைப் பிடித்துப் பாடும்போது, உள்ளிழுக்கும் மூச்சு குறுகியதாகவும் வெளிவிடும் மூச்சு நீண்டதாகவும் அமைகிறது. மூச்சு நீண்டு வெளியேறுகையில் இருதயத் துடிப்பும் தணிகிறது. குழந்தையைத் தோளில் சாய்த்துத் தாலாட்டும் நம் தாய்மார் பாடம் படிக்காமலே இதைச் செய்துவருகிறார்கள். அதோடு, ஒழுங்கான தாளத்தில் அடுத்த தட்டு எப்போது வரும் என்பது முன்னரே தெரியும். எதையும் நம்பமுடியாமற் போனவருக்கு, சொன்ன வேளையில் தவறாமல் வந்து நிற்கும் ஒன்று கிடைக்கிறது.

ஆனால் இதே இசை கதவைத் தாழிடும் சத்தமாகவும் மாறக்கூடும். தீங்கு நடந்த வேளையில் வானொலியில் ஒலித்த பாடல் பல ஆண்டுகள் கழித்தும் அந்த அறைக்கே ஒருவரை இழுத்துச் செல்லும். மற்றெல்லாரும் கண்ணீரோடு ரசிக்கும் ஒரு கீர்த்தனையின்போது ஒருவர் எழுந்து வெளியே போனால், அதைப் பக்தியின்மை என்று தீர்ப்பிடாதிருங்கள்.

பாடு என்று கட்டளையிடுவது

நீதிமொழிகள் 25:20 மனத்துயருற்றவருக்குப் பாட்டுப் பாடுவதைக் குளிர்காலத்தில் மேலாடையைக் களைவதற்கு ஒப்பிடுகிறது. பாட்டை நேசிக்கும் நமக்கு இது கடினமான வார்த்தை. சங்கீதம் 137ஐயும் நினைத்துப் பாருங்கள். சிறைப்பட்டவர்கள் தங்கள் இசைக்கருவிகளை மரங்களில் தொங்கவிட்டார்கள். அவர்களைச் சிறைப்பிடித்தவர்களோ, மகிழ்ச்சிப் பாடல் பாடிக்காட்டுங்கள் என்றார்கள். காயப்பட்டவரைப் பார்த்து, கவலைப்படாதே, துதிப்பாட்டுப் பாடு, எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் வற்புறுத்தும்போது, அறியாமலே பாபிலோனியரின் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறோம். மேடையேறிச் சாட்சி சொல்லும்படி நெருக்குவதும் அப்படியே.

தாமாருக்கு நேர்ந்த கொடுமையின் மையம் என்ன? அவள் ‘வேண்டாம்’ என்று சொன்ன சொல் மதிக்கப்படவில்லை. ஆகவே அத்தகைய காயம் ஆறத்தொடங்கும் இடம், ‘வேண்டாம்’ என்ற சொல் மதிக்கப்படும் இடமே. பாட்டு அதற்குச் சிறிய சிறிய வாய்ப்புகளைத் தருகிறது. எந்தப் பாடல்? எந்தச் சுருதி? உரக்கவா, மெதுவாகவா? நிறுத்தட்டுமா? ஒவ்வொரு கேள்விக்கும் விடை அவர்களுடையதாக இருக்குமானால், பறிக்கப்பட்ட ஒன்று சிறிது சிறிதாகத் திரும்புகிறது. பாட்டைத் தருவதற்கு முன் பாடாதிருக்கும் உரிமையை நாம் தரவேண்டும்.

தோனாவூரும் புக்காவுவும்

நம் தமிழ்நாட்டில் இதற்கு அருகான ஒரு வரலாறு உண்டு. எமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியா வந்து, திருநெல்வேலிப் பகுதியில் ஊழியம் செய்தார். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த ஒரு சிறுமி 1901ஆம் ஆண்டு தப்பியோடி அவரிடம் வந்து சேர்ந்தாள். அன்றுமுதல் அவ்வாறான ஆபத்திலிருந்த பிள்ளைகளுக்குத் தோனாவூர் ஒரு வீடாயிற்று. அம்மையார் அந்தப் பிள்ளைகளுக்கென்று தாமே பாடல்கள் எழுதினார். அவர்களுடைய அன்றாட வாழ்வில் பாட்டும் கலந்திருந்தது. முதலில் பாதுகாப்பான வீடு, பசிக்கு உணவு, அஞ்சாமல் உறங்கும் இரவு. அவற்றோடு சேர்ந்தே பாட்டு. இந்த ஒழுங்கை நாம் கவனிக்கவேண்டும். 1951ஆம் ஆண்டு அவர் தோனாவூரிலேயே மரித்தார்.

இதே கொடுமையை எதிர்த்துப் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அடைக்கலம் தேடிய பெண்பிள்ளைகளுக்காக அவர் 1930இல் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அந்தக் குடும்பங்கள் காத்துவந்த இசையும் நடனமும் குற்றமற்றவை. அவை நம் நாட்டின் செல்வம். சிறு பெண்களின் விருப்பத்தைக் கேளாமல் அவர்களைப் பிறர் கையில் ஒப்புவித்ததே குற்றம். அவர்கள் கற்ற பாட்டில் அவர்களுக்கே உரிமை இல்லாமற்போன அந்த நிலையை நினைக்கும்போது, பாட்டு யாருடைய விருப்பப்படி பாடப்படுகிறது என்ற கேள்வியின் கனம் விளங்கும்.

இக்காலத்தில் இதை இன்னும் தெளிவாகச் செய்துவருகிறவர்கள் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசின் புக்காவு நகரில் 1999இல் டாக்டர் டெனிஸ் முக்வேகே பான்சி மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் ஒரு பெந்தெகொஸ்தே போதகரின் மகன். போரில் வன்கொடுமைக்கு ஆளான ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அங்கே அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அதற்காக அவருக்கு 2018ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு, நாதியா முராத் என்னும் யாசிதிப் பெண்ணோடு சேர்த்து வழங்கப்பட்டது. உடலைத் தைத்துவிட்டால் போதாது என்று கண்ட அம்மருத்துவமனையினர், கனடாவிலுள்ள ஓர் இசை அமைப்போடு இணைந்து ஒரு பணியைத் தொடங்கினார்கள். பெண்கள் குழுவாக அமர்ந்து தங்கள் சொற்களாலேயே பாடல் கட்டுகிறார்கள். அருகில் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். இசைப்பதிவு அறிந்த ஒருவரும் இருக்கிறார். பாடல் முறையாக ஒலிப்பதிவு செய்யப்படுகிறது. அப்பாடல்கள் வானொலியிலும் ஊர்க் கூட்டங்களிலும் ஒலிக்கின்றன. முன்பு அந்தப் பெண்ணைக் கண்டு முகத்தைத் திருப்பிய ஊரார், இப்போது அவள் பாடலுக்குச் செவிகொடுக்கிறார்கள். அவமானம் அவளுடையதன்று, செய்தவனுடையது என்பதை ஒரு பாடல் ஊருக்குக் கற்பிக்கிறது. அங்கே பெண்கள் நோயாளிகளாக அமர்வதில்லை. பாடல் இயற்றும் கலைஞர்களாக அமர்கிறார்கள்.

நம் ஊரில் ஒரு சகோதரி

இனி நான் சொல்லப்போவது அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு, அடையாளங்கள் நீக்கிச் சொல்லப்படுகிறது. அவர் பாவு பிணைக்கும் வேலை செய்கிறவர். தறியில் முடிந்துபோகும் பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்க்கவேண்டும். ஒரு சேலைப் பாவில் சில ஆயிரம் இழைகள் உண்டு. சிறுவயதில் உறவினர் ஒருவரால் அவருக்குத் தீங்கு நேர்ந்தது. அந்த மனிதர் பல ஆண்டுகளுக்கு முன்பே மரித்துவிட்டார். ஆராதனையில் கடைசி வரிசையில் அமர்வார், ஒருநாளும் பாடமாட்டார்.

அவர் முதலில் பேசியது என்னிடம் அன்று, என் துணைவியாரிடம். அவருடைய விருப்பத்தின்படி ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துச் சென்றோம். சில மாதங்களுக்குப் பின் அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: வார நாளில், யாருமில்லாத பிற்பகலில், ஆலயத்திலிருக்கும் ஆர்மோனியத்தின் அருகே சற்று நேரம் இருக்கலாமா? கதவு திறந்திருக்கவேண்டும், உள்ளே யாரும் வரக்கூடாது. என் துணைவியார் வெளியே திண்ணையில் பூக்கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பார்.

பல வாரங்கள் ஒரே ஒரு கட்டை மட்டும் ஒலித்தது. துருத்தியை அழுத்தும் கை நின்றால் ஒலியும் நிற்கும். தான் விரும்பும்போது தொடங்கவும் விரும்பும்போது நிறுத்தவும் முடிகிறது என்பதே தனக்கு முதல் ஆறுதலாயிருந்தது என்று பின்பு அவர் சொன்னார். பிறகு அந்த ஒலியோடு அவருடைய முனகல் சேர்ந்தது. பின்பு, அவருடைய பாட்டி ராட்டை சுற்றும்போது பாடிய ஒரு தாலாட்டின் மெட்டு வந்தது. சொற்கள் வருவதற்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. அவை நம் பாட்டுப் புத்தகத்தில் இல்லாத சொற்கள், அவருடையவை. அவற்றை நான் கேட்டதில்லை. என் துணைவியாரும் பிறரிடம் சொன்னதில்லை.

செய்தி எப்படியோ கசிந்து, அவர் பாடட்டுமே, சாட்சி சொல்லட்டுமே, பலருக்குப் பிரயோஜனமாயிருக்குமே என்று சிலர் அன்போடு கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றார். அந்த ‘வேண்டாம்’ அந்நாளில் மதிக்கப்பட்டது. அவர் இன்றும் பாடகர் குழுவில் சேரவில்லை. இரவில் திடுக்கிட்டு விழிப்பது அடியோடு நின்றுவிடவும் இல்லை. ஆனால் வேலை செய்யும்போது இப்போது முனகிக்கொண்டே இழை முறுக்குகிறார் என்று அவருடைய பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். ஆயிரம் இழைகளில் ஒன்றையும் அவசரப்படுத்தமுடியாது என்பதை நெசவாளருக்கு நாம் கற்பிக்கவேண்டியதில்லை.

சபை செய்யவேண்டியவை

ஒன்று: ஒருவர் தம் காயத்தைச் சொன்னால், முதலில் நம்புங்கள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேளாதிருங்கள். பேசாதிரு என்று அப்சலோமின் வார்த்தையைச் சொல்லாதிருங்கள்.

இரண்டு: பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவரானால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி அதை அறிந்த ஒவ்வொருவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். தெரிவிக்காமலிருப்பது தண்டனைக்குரிய குற்றம். குடும்பப் பெயரையோ சபையின் பெயரையோ காப்பாற்றுவதற்காக அதை மூடிமறைக்க ஒரு போதகருக்கும் அதிகாரம் இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பெண்களுக்கான உதவி எண் 181. உடனடி ஆபத்தில் 112. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் கட்டணமின்றிச் சிகிச்சை தரவேண்டும் என்பதும் சட்டம்.

மூன்று: பாட்டுப் பயிற்சி நடக்கும் அறையும் பாதுகாப்பான அறையாயிருக்கட்டும். பயிற்றுவிப்பவர் எவ்வளவு திறமையானவராயினும், எவ்வளவு பக்தியானவராயினும், ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனித்திருக்கலாகாது. பெரியவர்கள் இருவராவது இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும்.

நான்கு: துதிப்பாடல்களைப்போலவே புலம்பலுக்கும் ஆராதனையில் இடம் கொடுப்போம். நம் பாட்டிமார் ஒப்பாரி பாடினார்கள். நாகரிகம் என்று எண்ணி நாம் அதைக் கைவிட்டோம். எரேமியா 9ஆம் அதிகாரத்தில் புலம்பல் பாடுவதில் தேர்ந்த பெண்களை அழைப்பிக்கும்படி கர்த்தரே சொல்கிறார். சங்கீதம் 88 இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆயினும் அது பாட்டுப் புத்தகத்திலிருந்து நீக்கப்படவில்லை. புலம்பல் 5:11 சீயோனின் பெண்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை மறைக்காமல் தேவனுக்கு முன்பாகப் பாட்டாகவே வைக்கிறது. தாமாருக்குக் கிடைக்காத பாட்டு அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது.

தாமாரின் வரலாற்றில் இன்னும் ஒரு சிறு வசனம் உண்டு. 2 சாமுவேல் 14:27இல், அப்சலோமுக்கு ஒரு மகள் பிறந்தாள் என்றும், அவளுக்குத் தாமார் என்று பெயர் என்றும் வாசிக்கிறோம். பேசாதிரு என்று சொன்ன அந்த வீட்டிலேயே, அந்தப் பெயர் நாள்தோறும் உரக்க அழைக்கப்பட்டது. மறைத்துவைக்கப்பட்ட ஒரு பெயர் மீண்டும் ஒரு குழந்தையின் பெயராயிற்று. அது போதுமானதன்று; ஆனால் அது ஒரு தொடக்கம்.

வருகிற ஞாயிறு ஆராதனையில் பாடல்களுக்கிடையே சற்று நேரம் மௌனம் கடைப்பிடிப்போம். எழுந்து நிற்க வேண்டும், கைதட்ட வேண்டும், பாட வேண்டும் என்று ஒருவரையும் அந்த வேளையில் நான் அழைக்கப்போவதில்லை. பாட முடியாதவர்கள் அமைதியாய் அமர்ந்திருங்கள். எழுந்துபோக வேண்டுமென்று தோன்றினால் போங்கள். கதவு திறந்திருக்கும். நீங்கள் திரும்பிவரும்போது உங்கள் இடம் உங்களுக்காக இருக்கும்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, வாயடைக்கப்பட்டவர்களின் சத்தத்தைக் கேட்கிறவரே, எங்கள் நடுவில் பேசமுடியாமல் அமர்ந்திருக்கிறவர்களை நீர் அறிவீர். அவர்களை நம்பும் மனதையும், காத்திருக்கும் பொறுமையையும், மறைப்பவர்களுக்குத் துணைபோகாத துணிவையும் எங்களுக்குத் தாரும். அவர்கள் பாடும் நாளில் கேட்கவும், பாடாத நாளில் உடனிருக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.